துண்டுச் சீட்டு முதல் என்.ஓ.சி. வரை

போன வாரம் அக்கா பையன் நொய்டாவிலிருந்து போன் பண்ணினான். ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாக இருக்கிறான், இப்போது வேறு இடம் தேடுகிறான்.

"மாமா, அப்ளிகேஷன்ல ஒரு கேள்வி இருக்கு. 'இப்ப வேலை பாக்குற கம்பெனியை நாங்க தொடர்பு கொள்ளலாமா'ன்னு. இல்லைன்னு போட்டா எதையோ மறைக்கிறேன்னு நினைப்பாங்களோ? ஆமான்னே போட்டுடவா?"

"போடாதடா!" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

2004-ல் இதே கேள்விக்கு "ஆம்" என்று டிக் அடித்தவன் நான். புனேவுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அப்பா அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். வேறு துறைக்கு விண்ணப்பிப்பதென்றால் சூப்பிரண்டண்ட் கையெழுத்து வாங்கி, "உரிய வழியாக" என்று மேலே எழுதி அனுப்புவார். அது பார்த்து வளர்ந்த புத்தி, மறைப்பது தப்பு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் புதுக் கம்பெனி ஹெச்.ஆர். என் கம்பெனி ஹெச்.ஆருக்குப் போன் செய்துவிட்டார். அன்று சாயங்காலமே மேனேஜர் கூப்பிட்டார். திட்டவில்லை, "ஆல் தி பெஸ்ட்" என்றார், அவ்வளவுதான். அடுத்த வாரம் ஆன்சைட் போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. புது இடத்திலும் "இப்போதைக்கு ஆள் எடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் பாதி பாக்கி இருந்த நேரம் அது.

அதற்கப்புறம் இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் படித்திருக்கிறேன். நம் ஆட்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

பழைய எஜமான் சொன்னால்தான் புது எஜமான் சேர்ப்பார் என்பது ரொம்பப் பழைய ஏற்பாடு. இங்கிலாந்தில் வீட்டு வேலைக்காரர்கள் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போக "கேரக்டர்" என்ற நற்சான்று வேண்டும். அதைப் போலியாக எழுதுகிறவர்களைத் தண்டிக்க 1792-ல் தனிச் சட்டமே போட்டார்கள், 20 பவுண்டு அபராதம். அந்தச் சட்டப் புத்தகத்திலிருந்து அது நீக்கப்பட்டது 2008-ல்தான். அந்தச் சட்டத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பொய்ச் சான்று கொடுத்தால் தண்டனை உண்டு. சான்றே கொடுக்க மாட்டேன் என்று எஜமான் கையை விரித்தால் அவருக்கு ஒன்றும் இல்லை.

அதே பழக்கம் கப்பலேறி இங்கே வந்தது. சென்னையிலும் கல்கத்தாவிலும் பட்லர், ஆயா, சமையல்காரர் எல்லோரும் துரைமார் எழுதிக் கொடுத்த சீட்டுகளை ஒரு கட்டாகக் கட்டி வைத்துக்கொண்டு வேலை தேடினார்கள். "சிட்" என்ற ஆங்கிலச் சொல்லே நம் நாட்டு "சிட்டி"யிலிருந்து போனதுதான். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் கையில் ஆங்கிலச் சீட்டு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சுமந்து போகிறவருக்கே தெரியாது.

பிரான்சில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1803 சட்டத்தின்படி தொழிலாளி ஒவ்வொருவரும் ஒரு சிறு புத்தகம் வைத்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்தால் அதை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளலாம். கணக்கு முடித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த இடம். 1890-ல் ஒழித்தார்கள். ஒரிஜினல் டிகிரி சர்ட்டிபிகேட்டைக் கம்பெனி லாக்கரில் வைத்துவிட்டுத் தவித்தவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது :-)

இந்தியாவில் இது வெறும் பழக்கமாக நிற்காமல் கிரிமினல் சட்டமாகவே ஆனது. 1859-ம் ஆண்டின் 13-வது சட்டம். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால், முதலாளி மாஜிஸ்ட்ரேட்டிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையை முடி, இரண்டும் இல்லையென்றால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கு என்று ஆரம்பித்த இது தோட்டங்களுக்கெல்லாம் பரவியது. 1925-ல் ரத்துச் சட்டம் வந்து, 1926 ஏப்ரலில்தான் ஒழிந்தது.

இலங்கைத் தோட்டங்களில் நடந்தது இதை விட விசித்திரம். அதன் பெயரே தமிழில்தான் இருக்கிறது. துண்டு.

என் மனைவியின் பாட்டி கூடலூரில் இருந்தார், கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். யாராவது பேப்பரை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் "இது என்ன துண்டா?" என்பார். நான் முதலில் தோளில் போடும் துண்டு என்று நினைத்தேன். அவர் அப்பா காலத்துச் சொல் அது. வெள்ளைக்காரர் எழுதிய தோட்ட வரலாறுகளில் ஆங்கிலத்திலும் அதே சொல் அப்படியே இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். வழிச்செலவு, சோறு, துணி எல்லாம் முன்பணம். தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே ஆள் கடனாளி. அதோடு, சம்பளத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது வழக்கம், அதனால் கடன் குறையாது. 1865 சட்டப்படி தொழிலாளி மாதச் சம்பள வேலைக்காரன். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம், கொடுக்காமல் போனால் சிறை. (நம் நோட்டீஸ் பீரியடாவது ஜெயிலில் முடிவதில்லை.)

ஆனால் நோட்டீஸ் கொடுத்தாலும் கடன் இருக்கிறதே? அங்கேதான் துண்டு. தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதி கங்காணியிடம் கொடுப்பார். "இந்தக் கங்காணியையும் இவர் கீழ் உள்ள இத்தனை ஆட்களையும், இத்தனை ரூபாய் கிடைத்ததும் விடுவிக்கிறேன்" என்பது அதன் சாரம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் பற்றாக்குறை உள்ள துரை அந்தத் தொகையைக் கட்டி மொத்தக் கூட்டத்தையும் எடுத்துக்கொள்வார். கங்காணி கெட்டிக்காரராக இருந்தால் துண்டில் இருப்பதை விடக் கூடுதலாகக் கேட்டு வாங்குவார். கூடுதல் பணம் கங்காணி கைக்கு. கடன்? அது ஆட்கள் தலையில். ஒவ்வொரு தோட்டம் மாறும்போதும் தலைக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போனது. ஆட்கள் பறிபோகிறார்கள், முன்பணம் ஏறுகிறது என்று துரைமார்களே புலம்பினார்கள், ஆனால் ஆள் தேவைப்படும்போது அவர்களேதான் துண்டுக்குப் பணமும் கட்டினார்கள்.

யோசித்துப் பாருங்கள். பழைய முதலாளியும் புது முதலாளியும் தாராளமாகத் தொடர்பு கொண்டார்கள், எழுத்து மூலமாகவே. யாருடைய வேலை பற்றிய பேச்சோ, அந்த ஆளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தான் எந்தத் துண்டில் எத்தனை ரூபாய்க்கு எழுதப்பட்டிருக்கிறோம் என்று தெரிந்திருக்க வழியில்லை.

சர் பொன்னம்பலம் அருணாசலம் 1919-ல் இலங்கைத் தொழிலாளர் நல அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். வேலையை விட்டால் சிறை என்ற சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களில் அவர் முக்கியமானவர். இந்தியாவிலும் எதிர்ப்பு வலுத்தது. 1921-ல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

இதே ஆங்கிலேய அரசுதான் 1872-ல் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எழுதி, அதன் 27-வது பிரிவில், ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்றும் சொன்னது! ஒரு பக்கம் இது, இன்னொரு பக்கம் 1859 சட்டம், இரண்டும் ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே நேரத்தில் இருந்தன. வக்கீல் வைக்க முடிந்தவருக்கு ஒன்று, முன்பணம் வாங்கியவருக்கு மற்றொன்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

27-வது பிரிவு இன்றும் நம்மைக் காப்பாற்றுகிறது. 2006-ல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவரைக் கட்டிப்போடும் நிபந்தனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலையில் இருக்கும் காலத்துக் கட்டுப்பாடுகள் வேறு கதை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. பாண்டில் கையெழுத்துப் போடும் பிள்ளைகள் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அரசு வேலையில் அப்பா காலத்து "உரிய வழி" இன்னும் இருக்கிறது. அதில் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வழியாகப் போனால்தான் பழைய சர்வீஸ் கணக்கில் சேரும், சம்பளப் பாதுகாப்புக் கிடைக்கும். ஆனால் கயிறு யார் கையில் என்பதற்கு யு.பி.எஸ்.சி. அறிவிப்பைப் பாருங்கள். வேலையில் இருப்பவர் தன் அலுவலகத் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டதாக உறுதி சொல்ல வேண்டும். அனுமதி மறுத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

நம் சாப்ட்வேர் உலகம் இதையெல்லாம் உடைத்துவிட்டது என்றுதான் 2000-களில் நினைத்தோம். உடைக்கவில்லை, பெயர் மாறியது. ரிலீவிங் லெட்டர் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றார்கள். 2005-ல் புனே கால் சென்டர் ஒன்றில் ஊழியர்கள் சிலர் அமெரிக்க வங்கி வாடிக்கையாளர்களின் பணத்தை எடுத்த வழக்கு வெடித்தது. அந்த நாட்களில் ஆபீஸ் வாசலில் பை சோதனை கூட அதிகமானது ஞாபகம் இருக்கிறது. 2006 ஜனவரியில் நாஸ்காம் தேசியத் திறன் பதிவேட்டைத் தொடங்கியது, கைரேகையோடு. 2014-ல் பி.எஃப்.புக்கு யு.ஏ.என். எண் வந்த பிறகு எங்கே எந்த மாதம் வரை வேலை பார்த்தோம் என்பது ஒரே இடத்தில் வரிசையாகத் தெரிகிறது. சரிபார்ப்பே கூடாது என்பதல்ல என் கட்சி. போலி அனுபவச் சான்றிதழ் விற்கிற கடைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

முதலாளிகள் நம் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது ஏழை நாட்டுப் பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். ஆப்பிள், கூகுள், இன்டெல் உள்ளிட்ட கம்பெனிகள் ஒருவர் ஆளை ஒருவர் கூப்பிட்டு வேலைக்கு அழைப்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்ததை 2010-ல் அமெரிக்க நீதித்துறை வெளியே கொண்டு வந்தது. ஊழியர்கள் போட்ட வழக்கு 2015-ல் 41.5 கோடி டாலரில் முடிந்தது.

ஆக அந்தக் கேள்வி பக்கத்தில் "இல்லை" என்று ஒரு கட்டம் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. அதைக் கேட்பதே, உங்களைப் பற்றிப் பேசுவதற்கு உங்களிடம் அனுமதி வேண்டும் என்று ஒப்புக்கொள்வதுதான். நான் 2004-ல் அதை நேர்மைக்கான பரீட்சை என்று நினைத்து, கேட்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆட்கள் எடுக்கும் பக்கமும் நான் உட்கார்ந்திருக்கிறேன். வேலையில் இருப்பவர் "இல்லை" என்று போட்டால் யாரும் புருவத்தைக் கூட உயர்த்துவதில்லை. பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் போடுகிறார்கள்.

அக்கா பையனிடம் சொன்னது இதுதான். இப்போது "இல்லை" போடு. விளக்கம் எழுத இடம் இருந்தால் "ஆஃபர் லெட்டர் வந்து, நான் ராஜினாமா கொடுத்த பிறகு தொடர்பு கொள்ளலாம்" என்று எழுது. அதுவரை சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 காட்டு. யாரையாவது பேசச் சொல்லிக் கேட்டால், உன் டீமிலிருந்து ஏற்கெனவே விலகிப் போன பழைய லீட் இருந்தால் அவரிடம் முதலில் கேட்டுக்கொண்டு அவர் நம்பரைக் கொடு. ஆஃபர் கையில் வராமல் ராஜினாமா கொடுக்காதே. பொய் மட்டும் எங்கேயும் எழுதாதே, தேதிகளை யு.ஏ.என். காட்டிக் கொடுத்துவிடும்.

"தாத்தா மட்டும் எப்பவும் கேட்டுட்டுத்தானே அப்ளை பண்ணுவார், அம்மா சொல்லுவாங்க" என்றான்.

ஆமாம், பண்ணினார். அவர் பெட்டியைச் சுத்தம் செய்தபோது சூப்பிரண்டண்ட் மேசையிலிருந்து திரும்பி வந்த விண்ணப்பங்கள் ஒரு கட்டு இருந்தது. மூன்றில் "பரிந்துரைக்கப்படவில்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மீதியில் ஒன்றுமே எழுதவில்லை.