தாய்ப்பால் குறைவு

குழந்தையின் வளர்ச்சிக்குத் தேவையான அளவு தாய்ப்பால் சுரக்காத நிலை. புரோலாக்டின் என்னும் ஹார்மோன் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் அதை வெளியேற்றுகிறது. மார்பில் தேங்கும் பால் சுரப்பைக் குறைக்கும்.

காரணங்கள்: குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வாமை, தாமதமாகப் பாலூட்டத் தொடங்குதல், தேவையின்றிப் புட்டிப்பால் தருதல், தைராய்டு குறைபாடு, நஞ்சுக்கொடித் துணுக்கு கருப்பையில் தங்குதல், மார்பக அறுவை சிகிச்சை.

அறிகுறிகள்: மார்பு மென்மையாக இருப்பதும் குழந்தை அழுவதும் மட்டுமே சான்றாகா. 5 நாளுக்குப் பின் ஒரு நாளில் 6 முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தல், 2 வாரமாகியும் பிறப்பு எடையை எட்டாமை ஆகியவை கவனத்துக்குரியவை.

மேலாண்மை: கவ்வும் நிலையைத் திருத்துதல், நாளுக்கு 8 முதல் 12 முறை, இரவிலும் பாலூட்டுதல், எஞ்சிய பாலைப் பீய்ச்சி எடுத்தல், தாயைக் குழந்தையுடன் தோலோடு தோல் சேர்ந்திருக்கச் செய்தல். எடை கூடாத குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.