ஓட்டத்தில் யார் பெரியவர்?



விளையாட்டுப் போட்டி முடிந்ததும் திடலோரம் நின்று வாக்குவாதம் செய்வீர்கள் அல்லவா? "நெடுந்தொலைவு ஓட்டத்துல உலகத்திலேயே பெரிய ஆள் யாரு?" என்று. உடனே பதக்கத்தை எண்ணத் தொடங்கிவிடுவீர்கள். எண்ணுங்கள், தப்பில்லை. பின்லாந்தின் பாவோ நூர்மி 1920 முதல் 1928 வரை மூன்று ஒலிம்பிக்கில் 9 தங்கம் வென்றார். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் 1952இல் ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மராத்தான் மூன்றிலும் முதல்வர். அதற்குமுன் அவர் மராத்தானே ஓடியதில்லை! கென்யாவின் கிப்சோகேதான் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அதுவும் சரி.

அப்படியானால் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க்கை எங்கே வைப்பது? 17 உலகச் சாதனைகள் படைத்தவர் அவர். 1965இல் ஆஸ்லோவில் 10,000 மீட்டரை 27 நிமிடம் 39.4 விநாடியில் ஓடி, தம் பழைய சாதனையையே அரை நிமிடத்துக்கு மேல் குறைத்தார். ஒலிம்பிக்கிலோ, 1964இல் டோக்கியோவில் கிடைத்த ஒரே வெண்கலந்தான். 1968இல் மெக்சிக்கோ நகரின் மலை உயரத்தில் மூச்சுத் திணறி, ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். "தங்கம் இல்லாதவரும் ஒரு வீரரா?" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

சாட்டோபெக்குக்கும் படவில்லை போலும். 1966இல் பிராக் நகருக்கு வந்திருந்த கிளார்க்கை வழியனுப்பும்போது, அவர் கையில் ஒரு சிறு பொட்டலத்தைத் திணித்தார். பிறகு பிரித்துப் பார்த்தால், உள்ளே 1952இல் 10,000 மீட்டர் ஓட்டத்தில் சாட்டோபெக் வென்ற தங்கப் பதக்கம்!