தேயாத லைனிங்

மழை விட்ட ஒரு மாலையில் பாடி மேம்பாலத்துக்குக் கீழே விழுந்தேன். முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. என் வலது கால் பெடலை ஓங்கி மிதித்தது. பின்சக்கரம் உருளாமல் வழுக்கி, வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எழுந்து நின்ற பிறகுதான் உறைத்தது, என் விரல்கள் முன் பிரேக்கைத் தொடவே இல்லை.

அது அப்பாவின் வண்டி. தொண்ணூறுகளின் நூறு சிசி டூ ஸ்ட்ரோக். மறுநாள் மெக்கானிக் அண்ணன் முன்சக்கரத்தைக் கழற்றி, டிரம்முக்குள் இருந்த இரண்டு பிரேக் ஷூக்களையும் என் கையில் வைத்தார். லைனிங் கொஞ்சமும் தேயவில்லை. வயசானதில் இறுகி, கண்ணாடி மாதிரி பளபளத்தது. "பின்னாடி ஷூவ எத்தன தடவ மாத்தியிருக்கேன்! இத உங்கப்பா தொட்டதே இல்ல தம்பி."

"முன் பிரேக்கப் புடிக்காத, குப்புற விழுவ." வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அப்பா சொன்ன முதல் பாடம் இதுதான். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பயத்தின் எழுத்து ஆதாரம் போல ஷூ என் கையில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இது பிரேக் செய்கிற ஊர். பிரிட்டனின் கெர்லிங் கூட்டோடு பிரேக்ஸ் இந்தியா 1962-இல் தொடங்கியது. அதே வருடம் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் லாரி, பஸ்களுக்கு ஏர் பிரேக் செய்தது. 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது. மூன்றுமே பாடியில். நாட்டின் கனரக வண்டிகளை நிறுத்தக் கற்றுக்கொடுத்த ஊரில், பைக்கின் பாதி பிரேக்குக்கு மட்டும் இத்தனை பயம்.

பயம் முட்டாள்தனமானது அல்ல. நம் தாத்தாக்கள் சைக்கிளில் இருந்து பைக்குக்கு வந்தவர்கள். சைக்கிளில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் கவிழ வாய்ப்பு உண்டு. அடுத்து, பழைய டிரம்மின் குணம். இரண்டு ஷூக்களில் ஒன்றைத்தான் சுழலும் டிரம் தன்னோடு இழுத்து இறுக்கும், மற்றதைத் தள்ளிவிடும். கேபிள் தளர்ந்து, உள்ளே தண்ணீரும் போனால் பிடிக்கவே பிடிக்காது. காய்ந்ததும் திடீரென்று கவ்வும். மணல் கிடக்கும் தெருவில் முன்சக்கரம் அப்படிக் கவ்வினால் விழுவது நிச்சயம். ஆனால் பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன்சக்கரத்துடையது. நான் விழுந்த காரணமும் அதுதான்.

தீர்வு உலகத்தில் இருந்தது. ஹோண்டா சி.பி. 750-இல் முன்சக்கர டிஸ்க் 1969-லேயே வந்துவிட்டது. நமக்குத் தாமதம். ஜப்பானில் டிஸ்க்கோடு ஓடிய யமஹா ஆர்.டி. 350, 1983-இல் இங்கே ராஜ்தூத் 350 ஆனபோது டிரம்முக்கு இறங்கியது. 1999-இல் ஹீரோ ஹோண்டா சி.பி.இஸட். முன் டிஸ்க்கோடு வந்தபோது பையன்கள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வண்டி மாறியது, பாடம் மாறவில்லை. கடைசியில் சட்டம் வந்தது. 2019 ஏப்ரலில் புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயமானது, அதுவரை உள்ளவற்றுக்குக் குறைந்தபட்சம் சி.பி.எஸ். என்று அப்போது விதித்தார்கள். சி.பி.எஸ். வண்டியில் பின் பிரேக்கை அழுத்தினால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். எங்கள் சாஃப்ட்வேர் வேலையிலும் இதே கதைதான்: பயனரைத் திருத்த முடியாவிட்டால் டீஃபால்ட்டைத் திருத்து. பயத்தை யாரும் போக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பழைய வண்டிக்காரர்களுக்கு அந்த வசதியும் இல்லை. நாமாகத்தான் கற்க வேண்டும்.

அண்ணன் டிரம்மைத் தேய்த்துத் துடைத்து, புது ஷூவும் கேபிளும் போட்டார். லீவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆக்ஸில் நட்டை முறுக்கினார். அப்போதுதான் ஷூ நடுவில் உட்காருமாம். ஆளில்லாத தெருவில் ஒரு வாரம் பழகினேன்: நேராக ஓட்டி, இரண்டு விரலால் மெல்ல ஆரம்பித்து, பிறகு அழுத்தி.

பழைய ஷூவை அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தியா, எவ்ளோ பத்திரமா வச்சிருந்திருக்கேன்!"