பாவைக் கலைஞர் தெரு

நான் வாழும் பொழிச்சலூருக்கு அடுத்த ஊர் அனகாபுத்தூர். நெசவாளர் நிறைந்திருந்த ஊர். அங்கே நெய்த கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் நைஜீரியா நாட்டுக்குக் கப்பலேறியது. நெசவூர்களில் விடியற்காலையில் தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சி தோய்ப்பது பழைய வழக்கம். நெசவாளிக்குத் தெரு வெறும் வழியன்று; தறியின் மற்றொரு பாதி. இதனை அறிந்தவர்க்கு, தலைநகரில் சில கலைஞர்கள் தம் தெருவுக்காகப் போராடிய வரலாறு எளிதில் விளங்கும்.

மேற்குத் தில்லியில், ஷாதிபூர் பேருந்துப் பணிமனைக்கு அருகே, கட்புத்லி காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. கட்புத்லி என்றால் மரப்பாவை. இராஜஸ்தானத்துப் பாட் மரபினரான பொம்மலாட்டக்காரர் 1970-களில் அங்கே குடியேறினர். செப்படி வித்தைக்காரரும் கழைக்கூத்தாடிகளும் தோல் வாத்தியக்காரரும் பின்னர் வந்து சேர்ந்தனர். இரண்டு கயிற்றுக் கட்டில்களை நிமிர்த்தி வைத்துத் திரை கட்டினால் அவர்களுக்கு அரங்கம் ஆயிற்று. அமர்சிங் ராத்தோர் என்னும் வீரனின் கதையே அவர்களுடைய தலையாய ஆட்டம்.

இந்தக் கலைஞர்களின் நிலை விந்தையானது. 1980-களில் அயல்நாடுகளில் நடந்த இந்திய விழாக்களுக்கு அரசே இவர்களுட் சிலரை அழைத்துச் சென்றது. 2003-இல் அத்தெருவினரான பூரண் பாட் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றார். ஆனால் பம்பாய் மாகாணத்தில் 1959-இல் இயற்றப்பட்டுத் தில்லிக்கும் விரிக்கப்பட்ட பிச்சை தடுப்புச் சட்டமோ, பொது இடத்தில் ஆடியும் பாடியும் காசு பெறுவதையும் பிச்சை என்றே வகுத்தது!

நிலம் அவர்களுடையதன்று; பட்டாவும் இல்லை. 2009-இல் தில்லி வளர்ச்சி ஆணையம் அவ்விடத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. குடியிருந்தோர்க்கு அடுக்குமாடி வீடுகள். மீதி நிலத்தில் விற்பனைக்கு 54 மாடிக் கோபுரம். இதுவே திட்டம். அது அழகிய தெரு என்று நான் சொல்லமாட்டேன். சாக்கடை திறந்து கிடந்தது, வசதிகள் குறைவு. நல்ல வீட்டை எவர் வேண்டாமென்பர்? ஆயினும் ஆளுயரத்தை விஞ்சும் பொய்க்கால்களையும் பெருமுரசுகளையும் மாடி வீட்டில் எங்கே வைப்பது? முற்றமின்றிப் பிள்ளைகளுக்கு எங்கே பயிற்சி கொடுப்பது? தரையோடு ஒட்டிய மனையே வேண்டுமென்று பலர் கேட்டனர். கூட்டம் கூடினர், ஊர்வலம் போயினர், நீதிமன்றத்தையும் நாடினர். கணக்கெடுப்பில் பெயர் விடுபட்ட குடும்பங்களின் அச்சம் இன்னும் பெரிது.

2014 முதல் சில குடும்பங்கள் ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்குப் பெயர்ந்தன. இருந்த இடத்தைவிட்டு அசையாதவர் பலர். மூன்றாண்டு இழுபறிக்குப் பின், 2017 அக்டோபர் 30-ஆம் நாள் காவல் துறையினர் சூழ நிற்க, இடிப்பு எந்திரங்கள் வந்தன. முன்னரே பெயர்ந்தவர் 2020-ஆம் ஆண்டிலும் முகாமிலேயே இருந்தனர்.

2018 ஆகஸ்டு 8-ஆம் நாள், அப்பிச்சை தடுப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் தில்லிக்குச் செல்லாவெனத் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் தெரு இடிந்து ஒன்பது திங்கள் ஆகியிருந்தன.