அமேசான்: கண்காணிப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

அமேசான் காட்டை மேலிருந்து முதன்முதலில் முழுசாகப் பார்த்தது, அதைக் காப்பாற்ற வந்த கண் அல்ல. 1970இல் பிரேசிலின் ராணுவ அரசு 'ராடாம்' திட்டத்தைத் தொடங்கியது. ஓயாமல் மேகம் கவிந்து கிடக்கும் நிலம். சாதாரணப் புகைப்படம் எடுபடாது. எனவே விமானத்தில் ரேடாரைப் பொருத்திப் பறந்தார்கள். தேடியது கனிமத்தையும் மண்வளத்தையும். அதே வருஷம்தான் டிரான்ஸ்அமேசான் நெடுஞ்சாலைக்கும் ஆரம்பம். 'நிலமற்ற மனிதர்களுக்கு மனிதரற்ற நிலம்' என்பது அன்றைய அரசின் முழக்கம். பழங்குடிகள் அங்கே ஆயிரக்கணக்கான வருஷங்களாக வாழ்ந்துவருகிறார்களே என்றால், அவர்கள் அந்தச் சொல்லாடலுக்குள் மனிதர்களாகவே வரவில்லை.

பிற்பாடு மேலிருந்து பார்ப்பது காவல் வேலையாகவும் ஆனது. இன்பே என்னும் அரசு விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆண்டுதோறும் காடழிவைக் கணக்கிட்டுவருகிறது. ஆண்டுக் கணக்கு என்பது பிரேதப் பரிசோதனை மாதிரி. வெட்டு நடக்கும்போதே எச்சரிக்க 2004இல் 'டெடர்' வந்தது. அந்த ஆண்டு 27,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருந்த அழிவு 2012இல் 4,600க்கும் கீழே இறங்கியது. இதைச் செயற்கைக்கோள் தனியாகச் சாதித்துவிடவில்லை. காட்டுக்குள் இறங்கிச் சோதனையிட்ட அதிகாரிகளும், 2008இல் வங்கிக் கடனுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளும் இதில் உண்டு.

ஆனால் தொடக்ககால டெடருக்கு 25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டு சரியாகத் தெரியாது. வெட்டுகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். துண்டுதுண்டாக வெட்டத் தொடங்கினார்கள். கண்காணிப்பு என்றதும் ஃபூக்கோவை இழுப்பது நம் சிற்றேட்டுப் பழக்கம். இழுத்தே பார்ப்போம். அவர் விவரிக்கும் சிறைக் கோபுரத்தில் காவலன் இருக்கிறானா, பார்க்கிறானா என்பது கைதிக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் அதிகாரம் இயங்குகிறது. அமேசானிலோ கண்ணின் எல்லை பார்க்கப்படுபவனுக்கு அத்துப்படி. ஒளிந்துகொள்ள வழியில்லாமல் போனது மரத்துக்கு மட்டும்தான்.

கண் பார்த்ததை அதிகாரம் விரும்பாதபோது என்ன ஆகும் என்பதை 2019 காட்டியது. இன்பேயின் எண்களைப் பொய் என்றார் அதிபர் போல்சனாரோ. மறுத்துப் பேசிய இயக்குநர் ரிக்கார்டோ கால்வாவோவின் பதவி அந்த ஆகஸ்டில் பறிபோனது. அந்த ஆண்டுக் கணக்கு முடிந்தபோது அழிவு 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவு. 2015இல் தொடங்கிய மாப்பயோமாஸ், படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் காடு, மேய்ச்சல், பயிர் என்று இயந்திரத்தை வைத்தே வகைபிரிக்கிறது. எது காடு என்பதை இயந்திரம் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. மனிதர்கள் பெயரிட்டுக் கொடுத்த மாதிரிகளிலிருந்து கற்கிறது. பெயரிடுகிற கை யாருடையது என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. 2021இல் வந்த 'பிரெவிசியா' இன்னும் ஒரு படி மேலே போய், அடுத்து எங்கே வெட்டு விழும் என்று ஊகிக்கிறது. இமாசோன் என்ற ஆய்வு அமைப்போடு அதில் கைகோத்தவை மைக்ரோசாஃப்டும் வாலே நிதியமும். அமேசானுக்குள் காராஜாஸ் இரும்புச் சுரங்கத்தை நடத்தும் அதே வாலே நிறுவனம் உருவாக்கிய நிதியம் அது. வெட்டு எங்கே விழும் என்று ஊகிக்க பிரெவிசியா கணக்கில் எடுப்பவற்றுள் முக்கியமான ஒன்று, காட்டுக்குள் போடப்பட்ட சாலை.