ஆர்.வி. வண்டியின் டிக்கி பூட்டு திரும்ப மாட்டேங்குதா? சாவியை முறுக்கும் முன் இதைப் பாருங்க!

வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வண்டிகளுக்கு அமெரிக்காவில் 'ரெக்ரியேஷனல் வெஹிக்கிள்', சுருக்கமாக ஆர்.வி. என்று பெயர். நம்ம ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே ஓய்வுபெற்ற தம்பதிகள், லீவுக்குக் கிளம்பும் குடும்பங்கள், வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் வண்டியிலேயே குடியிருப்பவர்கள் எனப் பலரும் இதில் வாழ்கிறார்கள். 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது வாங்கிய 'நோமேட்லேண்ட்' படம் பேசியது அப்படி வண்டியில் வாழ்பவர்களைப் பற்றித்தான்.

இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் ஒரு தொல்லை, கேட்க ரொம்பச் சின்னதாக இருக்கும். வெளிப்பக்கம் இருக்கும் சாமான் அறையின் பூட்டு இறுகிப்போகும். சாவி பாதிதான் உள்ளே போகும். முழுசா போனாலும் திரும்பாது. கடுப்பில் பிளையரை வைத்து முறுக்கினால் சாவி இரண்டாக உடைந்து, பாதி பூட்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஐந்து நிமிஷத்தில் முடிய வேண்டிய வேலை, பூட்டையே துளைபோட்டு எடுக்கும் வேலையாக மாறுவது இப்படித்தான்.

இப்படி இறுகும் பூட்டுகளில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. அழுக்கு, உப்பு, தப்பான எண்ணெய், அல்லது கதவு - இந்த நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

அந்த டிக்கியில் அப்படி என்ன இருக்கு?

ஆம்னி பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் லக்கேஜ் போடும் டிக்கி இருக்குமே, ஏறக்குறைய அதேதான். வண்டியின் இரு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்னக் கதவுகள். உள்ளே கரண்ட் கேபிள், தண்ணீர் ஹோஸ், கழிவுநீரை வெளியேற்றும் குழாய், பேட்டரி, சில வண்டிகளில் ஜெனரேட்டர். ராத்திரி முகாமுக்குப் போய்ச் சேர்ந்து டிக்கி திறக்கவில்லை என்றால் வெளி மின்சாரமும் இல்லை, வெளித் தண்ணீரும் இல்லை.

சமையலுக்கும் ஹீட்டருக்கும் பயன்படும் புரோப்பேன் கேஸ் சிலிண்டரும் இப்படி ஒரு கதவுக்குப் பின்னால்தான் இருக்கும். அந்த அறைக்கு மட்டும் பொதுவாகச் சாவிப் பூட்டு போடுவதில்லை. வெறும் கைப்பிடித் தாழ்தான். கேஸ் கசிந்தால் யார் வேண்டுமானாலும் ஓடிவந்து வால்வை மூட வேண்டும் என்பதே காரணம். ஆகவே மற்ற பூட்டுகள் இறுகினால் எரிச்சல். இந்தத் தாழ் இறுகினால் ஆபத்து. வண்டியில் எதையாவது முதலில் சரிசெய்வது என்றால் அது இந்தக் கதவாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் சோதனை: கதவைத் திறந்து வைத்துப் பூட்டுங்க

ஸ்பிரே வாங்கக் கடைக்கு ஓடும் முன் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. எப்படியாவது ஒருமுறை கதவைத் திறந்துவிட்டால், அப்படியே திறந்த நிலையிலேயே சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள்.

கதவு திறந்திருக்கும்போது சாவி வழுக்கிக்கொண்டு திரும்புகிறதா? அப்படின்னா பூட்டு நல்லாத்தான் இருக்கு, பிரச்னை கதவில். திறந்திருக்கும்போதும் இறுக்கமாகவே இருந்தால் பூட்டுக்குள் ஏதோ இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் பலர் நல்ல பூட்டுக்குள் பாட்டில் பாட்டிலாக எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

கதவே திறக்காத நிலையில் இருந்தால், ஒரு கையால் கதவை உள்பக்கமாக நன்றாக அழுத்திக்கொண்டு மறு கையால் சாவியைத் திருப்புங்கள். அழுத்தும்போது மட்டும் திரும்பினால், அதுவும் கதவுப் பிரச்னைதான்.

பூட்டுக்குள் என்ன நடக்குது?

ஆர்.வி. டிக்கியில் இருப்பது 'கேம் லாக்' என்ற எளிய வகை. நம் அபார்ட்மென்ட் தபால் பெட்டி, ஆபீஸ் மேஜை டிராயர் ஆகியவற்றில் இருப்பதும் இதே ரகம்தான். திண்டுக்கல் பூட்டு மாதிரி கனமான சமாசாரம் இல்லை. விரல் பருமனில் ஓர் உருளை, அதன் பின்னால் ஒரு உலோக நாக்கு. சாவியைத் திருப்பினால் நாக்கு திரும்பும், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அவ்ளோதான்.

உருளைக்குள் மெல்லிய தகடுகள் சில வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் முடி போன்ற மெல்லிய ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனால் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வந்து உருளைக்கு வழிவிடும். ஒரு தகடு மட்டும் அழுக்கில் ஒட்டிக்கொண்டு மேலேயோ கீழேயோ நின்றுவிட்டாலும் உருளை திரும்பாது. அந்த நேரத்தில் சாவியைப் பலமாக முறுக்கினால், அந்தப் பலம் முழுவதும் அந்த ஒரு தகட்டின் மீதும் சாவியின் கழுத்தின் மீதும்தான் விழும்.

வீட்டுக்குள் இருக்கும் டிராயர் பூட்டு 20 வருஷம் ஓடும். அதே பூட்டு ஆர்.வி.யில் சக்கரத்துக்குப் பக்கத்தில், சாலையின் தூசியையும் மழைநீரையும் நேரடியாக வாங்கிக்கொண்டு நிற்கிறது. அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். டயர் வாரியடிக்கும் அந்த உப்புத் தண்ணீர் நேராகச் சாவித் துவாரத்துக்குள் போகும். இந்தப் பூட்டுகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. உப்பு பட்டால் இரும்பு போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது. வெள்ளை மாவு மாதிரி பூக்கும். சாவியை வெளியே எடுக்கும்போது அதில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் காரணம் புரிந்துவிடும்.

ஆண்டில் பாதி நாள் வண்டி ஒரே இடத்தில் நிற்பது இன்னொரு காரணம். பயன்படுத்தாத பூட்டுதான் சீக்கிரம் இறுகும்.

எந்த எண்ணெய்? இங்கேதான் குழப்பமே

நம்ம வீடுகளில் பூட்டு இறுகினால் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு. சென்னை வெயிலில் அது ஓரளவு வேலை செய்வதுபோலத் தெரியும். ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். குளிர்நாட்டில் நிற்கும் வண்டியின் பூட்டுக்குள் அதை ஊற்றுவது மெழுகு ஊற்றி அடைப்பதற்குச் சமம். சமையல் எண்ணெய்களும் நாளாக நாளாகப் பிசினாகிவிடும். கிரீஸ் இன்னும் மோசம். தூசியை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து எல்லோரும் எடுப்பது டபிள்யூ.டி.-40. 1953இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் உருவான இந்தத் திரவத்தின் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. 'வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்', அதாவது ஈரத்தை விரட்டுவது. 40 என்பது எத்தனையாவது முயற்சியில் கலவை சரியாக வந்தது என்பதைக் குறிக்கிறது. பூட்டில் ஊறிய ஈரத்தையும் பழைய பிசினையும் கரைத்து வெளியேற்ற இது நல்ல பொருள். ஆனால் கரைப்பான் ஆவியான பிறகு மிஞ்சும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மறுபடியும் தூசி ஒட்டும். அதனால் இதைக் கழுவும் திரவமாக மட்டும் பயன்படுத்துவது நல்லது. இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அடுத்த சீசனில் மறுபடியும் அதே பூட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

சரியான வரிசை இதுதான். முதலில் காற்றடிக்கும் டப்பாவால் சாவித் துவாரத்தில் இருக்கும் தூசியை ஊதி வெளியேற்றுங்கள். பிறகு ஈரம் விரட்டும் ஸ்பிரேயை அதன் மெல்லிய குழாய் வழியாக உள்ளே அடித்து, சாவியை மெதுவாகப் பலமுறை உள்ளே விட்டு எடுங்கள். ஒவ்வொரு முறையும் சாவியைத் துணியில் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். பொறுமை இங்கேதான் தேவை. நன்றாகக் காய்ந்த பிறகு, பி.டி.எஃப்.இ. என்ற உலர் மசகு ஸ்பிரேயை லேசாக ஒருமுறை அடியுங்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லின் மேல் பூசியிருக்குமே, அதே பொருள். காய்ந்ததும் வழுக்கும் படலம் மட்டும் மிஞ்சும், தூசி அவ்வளவாக ஒட்டாது.

கிராஃபைட் பொடியும் நல்லதுதான், ஆனால் ஒரு நிபந்தனை. ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட் போடவே கூடாது. இரண்டும் கலந்தால் கறுப்புக் குழம்பாகி, இருந்த நிலைமையை விட மோசமாக அடைத்துக்கொள்ளும். சுத்தமான, உலர்ந்த பூட்டு என்றால் அவசரத்துக்குப் பென்சிலே போதும். பென்சில் முனையில் இருப்பதும் கிராஃபைட்தான். சாவியின் இரு பக்கமும் நன்றாகத் தேய்த்து நாலைந்து முறை உள்ளே விட்டு எடுத்தால் வித்தியாசம் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் இறுகினால் சாவியைச் சந்தேகப்படுங்கள். நகலிலிருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல் என வெட்டிய சாவியில் பற்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கும். பயன்படுத்தாமல் வைத்திருக்கும் ஒரிஜினல் சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

குளிரில் உறைந்த பூட்டுக்கு வெந்நீர் வேண்டாம்

பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களில், பூட்டுக்குள் புகுந்த ஈரம் ஐஸ் ஆகிவிடும். வெந்நீரை ஊற்றினால் அந்த நிமிஷம் உருகும். பிறகு அதே தண்ணீர் உள்ளேயே மறுபடி உறையும். அதற்குப் பதிலாக ஆல்கஹால் கலந்த பூட்டு டி-ஐஸர் பயன்படுத்தலாம். கைவசம் இல்லை என்றால், ஆல்கஹால் கலந்த ஹேண்ட் சானிடைசரைச் சாவியில் தடவி உள்ளே விடுவது அவசரத்துக்குக் கை கொடுக்கும். லைட்டரால் சாவியைச் சூடாக்கும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். கேஸ் சிலிண்டர் இருக்கும் வண்டியின் பக்கத்தில் நெருப்புப் பற்றவைப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பூட்டு சரி, கதவு தப்பு என்றால்?

ஆர்.வி. முகாமில் நிற்கும்போது வண்டியைச் சமமாக்க ஜாக்கிகளை இறக்குவார்கள். ஒரு மூலை கூடுதலாகத் தூக்கப்பட்டால் வண்டியின் உடலே லேசாக முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டிக்கிக் கதவின் சட்டம் சதுரத்திலிருந்து சற்று விலகும், பூட்டின் நாக்கு சட்டத்தில் இறுகப் பிடித்துக்கொள்ளும். சாலையில் நன்றாகத் திறந்த கதவு முகாமில் மட்டும் முரண்டு பிடித்தால் இதுதான் காரணம். ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.

அடுத்தது கதவைச் சுற்றியுள்ள ரப்பர். புது ரப்பர் தடிமனாக இருக்கும். பழைய ரப்பர் வெயிலில் ஒட்டும் பதத்துக்கு வரும். அதற்கு சிலிகான் ஸ்பிரே தடவலாம். பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. அதற்கும் சரியாகவில்லை என்றால் நாக்கு மோதும் தகட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினாலே போதும். கீலில் ஆடும் ஸ்குரூவையும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள். கதவு கீழே தொங்குவது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாவி உள்ளே உடைந்தால்?

உடைந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூர்முனைப் பிளையரால் நேராக இழுக்கலாம். உள்ளே போய்விட்டால் கொஞ்சம் ஸ்பிரே அடித்து, மெல்லிய ரம்ப பிளேடின் பற்கள் வெளிப்பக்கம் பார்த்திருக்கும்படி சாவியை ஒட்டியே நுழைத்து, பல்லில் மாட்டி இழுக்க வேண்டும். உடைந்தபோது சாவி பாதி திரும்பியிருந்தால், முதலில் ஸ்குரூடிரைவர் முனையால் துவாரத்தைப் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் துண்டு வெளியே வராது. மீதிச் சாவியில் சூப்பர் குளூ தடவி ஒட்டி இழுக்கலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். பசை தகடுகளில் பட்டால் பூட்டு அதோடு காலி.

மாற்றுவது சுலபம், ஆனால் எந்தச் சாவி?

கேம் லாக்கை மாற்றப் பெரிய மெக்கானிக் தேவையில்லை. கதவின் உள்பக்கம் நாக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டையும், உருளையைப் பிடித்திருக்கும் பெரிய நட்டையும் கழற்றினால் பூட்டு முன்பக்கமாக வந்துவிடும். பழைய உருளையின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சுமார் 16, 22, 28 மில்லிமீட்டர் நீளங்கள் பொதுவாகக் கிடைக்கும். நாக்கு நேரானதா, வளைந்ததா என்பதையும் போட்டோ எடுத்து வையுங்கள். மறுபடி மாட்டும்போது பலர் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது சாவியில் பொறித்திருக்கும் எண்ணை. அமெரிக்க ஆர்.வி. உலகில் 'சிஎச்751' என்ற எண் ரொம்பப் பிரபலம், அதுவும் நல்ல காரணத்துக்காக அல்ல. பல கம்பெனிகளின் வண்டிகளில் டிக்கிப் பூட்டுகளுக்கு இந்த ஒரே சாவிதான் பல ஆண்டுகளாகப் பொருத்தப்பட்டு வந்திருக்கிறது. அதாவது உங்கள் சாவி பக்கத்து வண்டியின் டிக்கியைத் திறக்கும், பக்கத்து வண்டிக்காரரின் சாவி உங்கள் டிக்கியைத் திறக்கும். கடையில் சில டாலருக்கு அந்தச் சாவி தனியாகவே கிடைக்கும்.

இறுகிய பூட்டைக் கழற்றி அதே எண்ணில் புதுசு மாட்டினால் சாவி சுலபமாகத் திரும்பும், அடுத்தவருக்கும் சேர்த்து! ஆகவே வேறு எண்ணில், எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி வரும்படி ஒரு செட்டாகக் கேட்டு வாங்குவது நல்லது. தட்டையான சாவிக்குப் பதில் வட்டக்குழாய் வடிவச் சாவி உள்ள பூட்டுகளும் இதே துளையில் பொருந்தும் அளவில் வருகின்றன. எதை மாட்டினாலும் கேஸ் சிலிண்டர் அறையின் கதவை மட்டும் பூட்டில்லாமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.