திரையைப் பார்க்காத வாசகர்

1963இல் ஐவன் சதர்லாண்டு, எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்திலிருந்த டிஎக்ஸ்-2 கணினியில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலில், வரைபவர் ஒளிப்பேனாவைத் திரையில் வைத்து நகர்த்தக் கோடு உருவாயிற்று. கோடு பிசகினால் அதைக் கண்டுகொண்டதும் வரைபவரின் கண்ணே. பின்னால் வந்த வடிவமைப்பு மென்பொருள்களின் கையேடுகள் பெரும்பாலும் இந்தக் கண்ணை நம்பியே எழுதப்பட்டன என்பதும், அந்த நம்பிக்கையால் பல செய்திகள் எழுதப்படாமலே போயின என்பதும் அண்மைக் காலத்தில்தான் தெளிவாகப் புலப்பட்டன.

1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட், கட்டட, இயந்திர வரைபடங்களை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. திரையின் அடியிலுள்ள கட்டளை வரி கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்க, பயனர் விடைகளைத் தட்டச்சு செய்வார். இவ்விடைகளை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி மென்பொருளுக்கு ஊட்டும் முறைக்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். இம்முறையில் இடைவெளியும் ‘என்டர்’ விசையாகவே கொள்ளப்பட்டதால், வரியின் கடைசியில் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளிகூட முந்தைய கட்டளையை மீண்டும் கிளப்பிவிடக்கூடும். உரையாடல் பெட்டிகள் வந்த பிறகும், கட்டளைப் பெயரின் முன் சிறு கோடு ஒன்றை இட்டால் பெட்டி தோன்றாமல் பழைய கேள்வி வரிசையே வரும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. மனிதருக்கு ஒரு வாசல், நிரலுக்கு ஒரு வாசல் என்ற பிரிவினை இவ்வாறு ஒரு சிறு கோட்டில் அடங்கியிருந்தது.

ஆட்டோகேடுடன் சேர்ந்து பிறந்த டிஎக்ஸ்எஃப், ஒரு மென்பொருளின் வரைபடத்தை வேறொரு மென்பொருள் படிக்க உதவும் கோப்பு வடிவமாகும். இதில் ஒரு வரியில் குறியீட்டு எண்ணும் அடுத்த வரியில் அதன் மதிப்பும் வரும்: 8 என்றால் அடுக்கின் பெயர், 10, 20 என்றால் கோட்டின் தொடக்கப் புள்ளி, 11, 21 என்றால் முடிவுப் புள்ளி, 40 என்றால் வட்டத்தின் ஆரம். இத்தனை துல்லியமான ஆவணத்திலும், கோட்டின் நீளம் 5 என்றால் அது 5 மில்லிமீட்டரா 5 அடியா என்பதைக் கோட்டின் பதிவு சொல்வதில்லை. அது வரைவோர் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே எழுத வேண்டிய தேவை எழவில்லை.

குறைகளை எழுதிவைக்கும் மரபு வேறொரு திசையிலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தயாரித்து 1971 நவம்பர் 3 எனத் தேதியிட்ட யூனிக்ஸ் கையேட்டில், கட்டளையின் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் ஆகியவற்றோடு ‘பிழைகள்’ என்ற பகுதியும் இடம்பெற்றது. தன் கருவி எங்கே சறுக்கும் என்பதைச் செய்தவரே ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மை, வடிவமைப்பு மென்பொருள் கையேடுகளில் அரிதாகவே பின்பற்றப்பட்டது.

இந்தப் போதாமையை வெளிக்கொண்டுவந்தது புதிய வகை வாசகர். செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, ஒரு மொழி மாதிரி தானே கருவிகளைத் தேர்ந்தெடுத்து இயக்கிப் பணியை முடிக்கும் ஏற்பாடாகும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்னும் நெறிமுறை, ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு ஆகியவற்றை முகவர் படிக்கத்தக்க வடிவில் அறிவிக்க வழிசெய்தது. 2025இல் ஃபிக்மா என்னும் வடிவமைப்பு மென்பொருளும் அதற்கான சேவையகத்தை வெளியிட்டது.

செவ்வகம் வரையும் கருவியொன்றை ஃபிக்மாவின் நீட்சி இடைமுகத்தைக் கொண்டு அமைப்பதாகக் கொண்டால், விளக்கத்தில் எவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது என்பது புரியும். செங்குத்து அளவு ஆட்டோகேடில் மேல்நோக்கிக் கூடும், ஃபிக்மாவில் கீழ்நோக்கிக் கூடும்; இருப்பிடம் பக்கத்தின் மூலையிலிருந்து அன்றி, அச்செவ்வகத்தைக் கொண்டிருக்கும் சட்டகத்தின் மூலையிலிருந்து அளக்கப்படும்; நிறத்தை 255 வரையிலான எண்ணாகக் கொடுக்காமல் 0 முதல் 1 வரையிலான பின்னமாகக் கொடுக்க வேண்டும்; செவ்வகத்தின் மேல் எழுத்து சேர்ப்பதானால் எழுத்துருவை முன்னதாக ஏற்றியிருக்க வேண்டும். மனித நிரலாளர் இவற்றில் ஒன்றைத் தவறவிட்டால், செவ்வகம் தலைகீழான இடத்தில் போய் நிற்பதைப் பார்த்த மறுகணமே திருத்திவிடுவார். முகவரோ, பிழைச்செய்தி வராத வரையில் வேலை முடிந்தது என்றே எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போய்விட வாய்ப்புண்டு.

மற்றொரு சிக்கல் இதைவிட ஆழமானது. மனிதருக்கு விளக்கம் விளக்கமாகவே நின்றுவிடும். முகவரிடத்தில் அது கட்டளையாகவும் செயற்படக்கூடும் என்பதால், விளக்கத்துக்குள் தீய நோக்கோடு செருகப்பட்ட ஒரு வாக்கியம் முகவரைத் திசைதிருப்பவும் கூடும். 2025 மார்ச்சில் வந்த எம்சிபி பதிப்பு, ஒரு கருவி படிக்க மட்டுமே செய்யுமா, உள்ளதை அழிக்கக்கூடியதா என்று குறிக்க இடமளித்தாலும், அக்குறிப்புகளை உறுதிமொழிகளாகக் கொள்ளலாகாது என்றும் எச்சரிக்கிறது.

இப்போது ஃபிக்மாவின் சேவையகத்திலேயே, தேர்ந்தெடுத்த பகுதியைப் படமாக எடுத்து முகவருக்குக் கொடுக்கும் கருவியும் உண்டு. சதர்லாண்டின் திரைமுன் அமர்ந்தவரிடம் கேட்காமலே இருந்த கண், இவ்வாறு அழைத்தால் மட்டுமே வரும் ஒரு கருவியாகிவிட்டது. அதை எப்போது அழைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் கையேட்டில் ஒரு வரியாக எழுதப்பட வேண்டியதாயிற்று.